கியூஜிஐஎஸ்-இல் பெரிய வரைபடம் மெதுவாக வரைந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கிராம எல்லை, புல எண் உட்பிரிவுகள், சம உயரக் கோடுகள், ட்ரோன் படம் என எல்லாவற்றையும் ஒரே புராஜெக்ட்டில் ஏற்றிய பிறகு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் திணறுகிறது என்று சொல்லி வருபவர்களில் பலர், வரும்போதே கிராபிக்ஸ் கார்டின் விலையை விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தச் செலவை முதலில் நிறுத்தி வையுங்கள். இருபரிமாண வரைபடத்தை வரையும் வேலை முழுவதையும் சிபியுதான் செய்கிறது. கிராபிக்ஸ் கார்டு முப்பரிமாணக் காட்சிக்கும், கணக்கிடும் வேலையைக் கிராபிக்ஸ் கார்டிடம் தரும் ஓப்பன்சிஎல் வசதியை இயக்கியிருந்தால் மலைநிழல் போன்ற சில ராஸ்டர் (பிக்சல்களாலான படம்) கணக்கீடுகளுக்கும் மட்டுமே பயன்படும். குறை பெரும்பாலும் தரவுக் கோப்பு சேமிக்கப்பட்ட விதத்தில் இருக்கும். அதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலிலும் செலவு பிடிக்கும் காரணம் கடைசியிலும் வருவதால், வரிசை மாறாமல் சோதிப்பது நல்லது.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியவை

புராஜெக்ட்டின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, எல்லா லேயர்களையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். பத்து லேயர்கள் உள்ள புராஜெக்ட்டில் ஒன்றோ இரண்டோதான் குற்றவாளியாக இருக்கும். அண்மைப் பதிப்புகளில் எஃப்12 விசையை அழுத்தினால் திறக்கும் பலகத்தில், எந்த லேயர் வரைய எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை ப்ரொஃபைலர் பகுதியிலேயே காணலாம். வரைவது முடிவில்லாமல் நீண்டால் எஸ்கேப் விசை அதை நிறுத்தும். கீழ்ப்பட்டையில் உள்ள ரெண்டர் குறியை எடுத்துவிட்டால், எதையும் வரையாமலேயே அமைப்புகளை மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, குற்றவாளி லேயரை மட்டும் இயக்கி வரைபடத்தை நகர்த்தும்போது விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பாருங்கள். டிஸ்க் 100 விழுக்காட்டைத் தொட்டு நிற்க, சிபியு சும்மா இருந்தால், கோப்பின் அமைப்பையோ கோப்பு இருக்கும் இடத்தையோ சந்தேகிக்க வேண்டும். சிபியு உச்சத்தில் இருந்தால் குறியீடு, லேபிள், புள்ளிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டுமே ஓய்ந்திருக்க, வரைபடம் மட்டும் வராமல் இருந்தால் நெட்வொர்க்கோ தரவுத்தள சர்வரோ காக்க வைக்கிறது என்று பொருள்.

புதிய யூசர் ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கி, அதே புராஜெக்ட்டை அதில் திறந்து பார்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே செய்யத் தக்கது. அங்கே வேகமாக இருந்தால் ஏதோ ஒரு ப்ளகின்தான் காரணம். கீழே உள்ள எதையும் படிக்காமல் ப்ளகின்களை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கலாம்.

## அறிகுறி: வெக்டர் லேயரில் எவ்வளவு ஜூம் செய்தாலும் வேகம் கூடவில்லை

புள்ளி, கோடு, பாலிகான் உருவங்களாகச் சேமித்த தரவே வெக்டர் லேயர். அதில் திரையில் நான்கே நான்கு மனைகள் தெரியும் அளவுக்கு உள்ளே போன பிறகும், மாவட்டம் முழுவதையும் பார்த்தபோது எடுத்த அதே நேரத்தை எடுக்கிறது என்றால், நிரல் ஒவ்வொரு முறையும் கோப்பை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்பேஷியல் இண்டெக்ஸ் (எந்த உருவம் எங்கே இருக்கிறது என்று காட்டும் பட்டியல்) இல்லை. முதல் காரணமும் மிக அடிக்கடி காணும் காரணமும் இதுதான். ஷேப்ஃபைல் என்றால் அந்த ஃபோல்டரைத் திறந்து, அதே பெயரில் கியூஐஎக்ஸ் என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லேயர் ப்ராப்பர்ட்டீஸில் சோர்ஸ் பகுதிக்குப் போய், கிரியேட் ஸ்பேஷியல் இண்டெக்ஸ் பொத்தானை அழுத்துங்கள். வேறு யாரோ அனுப்பிய ஷேப்ஃபைலில் இந்தக் கோப்பு பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் அனுப்புபவர்கள் கட்டாயமான மூன்று நான்கு கோப்புகளை மட்டும் ஜிப் செய்து அனுப்பிவிடுகிறார்கள்.

கோப்பு வடிவமே இண்டெக்ஸை ஏற்காதது. ஜியோஜேசன் கோப்பில் இண்டெக்ஸ் வைக்க இடமில்லை. தரவைக் கொண்டு போய்க் கொடுக்க அது நல்ல வடிவம், நாள்தோறும் திறந்து வேலை செய்ய ஏற்றதன்று. லேயரின் மீது வலது கிளிக் செய்து, எக்ஸ்போர்ட் வழியாக ஜியோபேக்கேஜாகச் சேமித்துவிட்டு அதையே பயன்படுத்துங்கள். ஜியோபேக்கேஜாகச் சேமிக்கும்போது இண்டெக்ஸ் தானாகவே உருவாகிவிடும், ஷேப்ஃபைலைத் தொல்லைப்படுத்தும் 2 ஜிபி வரம்பும் கிடையாது.

லேயரின் அச்சுத்தூர முறை (இடங்களை எண்களால் குறிக்கும் முறை, சிஆர்எஸ்) வேறு, புராஜெக்ட்டின் முறை வேறு. ஒவ்வொரு முறை வரையும்போதும் ஒவ்வொரு முனைப்புள்ளியையும் மாற்றிக் கணக்கிட வேண்டியிருப்பதால் நேரம் கூடுகிறது. தமிழ்நாட்டுத் தரவில் இது எளிதாக நேரும். 78 பாகைத் தீர்க்கக் கோட்டுக்கு மேற்கே உள்ள கோயம்புத்தூர் யுடிஎம் என்ற அச்சுத்தூர முறையின் 43 மண்டலத்திலும், கிழக்கே உள்ள சென்னையும் மதுரையும் 44 மண்டலத்திலும் விழுகின்றன. இரு பக்கத்து அலுவலகங்களிலிருந்தும் வந்த கோப்புகளை ஒரே புராஜெக்ட்டில் போட்டால், ஒரு பாதி எப்போதும் உருமாற்றப்பட்டே வரையப்படும். மிகப் பெரிய லேயர்களை மட்டுமாவது ரீப்ரொஜெக்ட் லேயர் கருவியால் நிரந்தரமாக மாற்றிச் சேமித்துவிடலாம். சிறிய லேயர்களுக்கு இந்த மெனக்கெடல் தேவையில்லை.

ஒரே உருவம் எல்லா இடத்தையும் மூடியிருக்கிறது. இண்டெக்ஸ் இருந்தும் வேகம் வரவில்லை என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். காப்புக்காடு எல்லை, கடற்கரைக் கோடு, ஆற்றுப் படுகை போன்றவை லட்சக்கணக்கான முனைப்புள்ளிகளைக் கொண்ட ஒரே பாலிகானாக இருக்கும். நீங்கள் எங்கே ஜூம் செய்தாலும் அதன் எல்லைச் செவ்வகம் உங்கள் திரையைத் தொட்டுக்கொண்டே இருப்பதால், அந்த ஓர் உருவத்துக்காக எல்லாப் புள்ளிகளும் வாசிக்கப்படும். பல துண்டுகள் ஒரே பதிவாகச் சேர்க்கப்பட்டிருந்தால் மல்டிபார்ட் டு சிங்கிள்பார்ட்ஸ் கருவி போதும். உண்மையிலேயே ஒரே துண்டு என்றால் ப்ராசஸிங் கருவிப்பெட்டியில் உள்ள சப்டிவைட் கருவியால், ஒரு துண்டுக்கு 256 முனைகள் என்ற அளவில் வெட்டிவிடுங்கள். வெட்டிய இடங்களில் கோடு தெரியும் என்பதால், வெட்டிய லேயருக்கு நிறம் மட்டும் கொடுத்து, வெளிக்கோட்டைத் தனி லைன் லேயராக மேலே வைக்க வேண்டும். பரப்பளவு கணக்கிட மட்டும் வெட்டாத மூலக் கோப்பையே பயன்படுத்துங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரே கோப்பில் உள்ள லேயர் அசையவில்லை என்றால், அதே கோப்பை வேறொரு கணினியின் எஸ்எஸ்டியில் வைத்துத் திறந்து பாருங்கள். அங்கே வேகமாகத் திறந்தால் உங்கள் டிஸ்க் பழுதடையத் தொடங்கியிருக்கலாம். தரவை உடனே நகலெடுத்துவிட்டு ஹார்டுவேர் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே முறை.

## அறிகுறி: ஜூம் செய்தால் வேகம், முழுப் பார்வையில் மட்டும் நிற்கிறது

இது பழுது என்பதைவிட அமைப்புக் குறை எனலாம். மாவட்டம் முழுவதும் திரையில் இருக்கும்போது ஒவ்வொரு உட்பிரிவும் ஒரு புள்ளியளவுகூட இருக்காது. ஆனாலும் அத்தனையையும் வரையச் சொல்லியிருக்கிறோம்.

லேயர் ப்ராப்பர்ட்டீஸில் ரெண்டரிங் பகுதிக்குச் சென்று, ஸ்கேல் டிபெண்டன்ட் விசிபிலிட்டியை இயக்கி, உட்பிரிவு லேயர் 1:10,000-க்கு உள்ளே மட்டும், புல எண் எல்லை 1:25,000-க்கு உள்ளே மட்டும், கிராம எல்லை எப்போதும் என்பது போல அடுக்கிவிடுங்கள். எண்களை உங்கள் வேலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு மாற்றத்தோடு புகார் நின்றுபோன இடங்களே அதிகம். அதே பக்கத்தில் சிம்ப்ளிஃபை ஜியோமெட்ரி குறி இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது காட்சிக்கு மட்டுமே புள்ளிகளைக் குறைக்கிறது, மூலத் தரவைத் தொடுவதில்லை. புள்ளி லேயர்களுக்கு இது பொருந்தாது.

சம உயரக் கோடுகளில் இது போதாது. மலைப்பகுதி ஒன்றுக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் உருவாக்கிய கோடுகளை முழுப் பார்வையில் காட்டியே தீர வேண்டும் என்றால், 20 மீட்டர் இடைவெளியில் இன்னொரு லேயரை உருவாக்கி, தொலைவுப் பார்வைக்கு அதையும் அண்மைப் பார்வைக்குப் பழையதையும் ஒதுக்குங்கள்.

முழுப் பார்வையிலும் எல்லா விவரமும் பல பேருக்கு ஒரே நேரத்தில் தேவை என்ற நிலை வந்தால், வெக்டர் டைல்களை (சிறு கட்டங்களாக வெட்டிய வெக்டர் தரவை) உருவாக்கிப் பரிமாற வேண்டும். அது தனித் தொழில். சர்வர் அமைக்கத் தெரிந்தவரை அழைக்க வேண்டிய இடம் இது.

## அறிகுறி: ட்ரோன் படமோ செயற்கைக்கோள் படமோ கட்டம் கட்டமாக ஊர்ந்து வருகிறது

இந்தப் புகாரில் கொஞ்சம் கணக்குப் போட்டால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும். ட்ரோன் படம் ஒன்று 60,000 × 40,000 பிக்சல் இருக்கிறது என்று கொள்வோம். மொத்தம் 240 கோடி பிக்சல். மூன்று வண்ணப் பட்டைகளுக்கு, சுருக்காத நிலையில், 7.2 ஜிபி. உங்கள் திரையில் இருப்பதோ 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 21 லட்சம் பிக்சல்தான்.

பிரமிடு இல்லை: முழுப் பார்வை மெதுவு, முழு ஜூம் வேகம். பிரமிடு என்பது அதே படத்தின் பாதி, கால், அரைக்கால் அளவுள்ள சிறிய பிரதிகள். 32 மடங்கு குறைத்த பிரதி 1,875 × 1,250 பிக்சல் ஆகிவிடுவதால், முழுப் படத்தையும் காட்ட அந்தச் சிறிய பிரதி ஒன்றே போதும். ராஸ்டர் மெனுவில் மிசலேனியஸ் என்பதன் கீழ் உள்ள பில்ட் ஓவர்வியூஸ் கருவியில் 2, 4, 8, 16, 32 என்று நிலைகளைக் கொடுங்கள். வெளிக் கோப்பாக வைக்கச் சொன்னால் ஓவிஆர் என்று முடியும் கோப்பு அருகில் உருவாகும். மூலக் கோப்பைத் தொடாததால் எனக்கு இதுவே பிடித்த வழி. சுருக்கமின்றிச் சேமித்தால் மூலத்தின் மூன்றில் ஒரு பங்கு இடம் கூடுதலாகத் தேவைப்படும் என்பதால், டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். நிழற்படங்களுக்கு ஆவரேஜ் முறையும், நிலப்பயன்பாடு போன்ற வகைப்பாட்டுப் படங்களுக்கு நியரஸ்ட் முறையும் தர வேண்டும். வகைப்பாட்டுக்கு ஆவரேஜ் கொடுத்தால், வயலுக்கும் ஏரிக்கும் நடுவே இல்லாத ஒரு வகை முளைத்துவிடும்.

கோப்பு வரிவரியாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது: முழுப் பார்வை வேகம், ஜூம் செய்தால் மெதுவு. அதே மிசலேனியஸ் பட்டியலில் ராஸ்டர் இன்ஃபர்மேஷன் கருவியை ஓட்டி, வெளியீட்டில் பிளாக் என்ற சொல்லைத் தேடுங்கள். 256 × 256 அல்லது 512 × 512 என்று இருந்தால் நல்லது. 60000 × 1 என்று இருந்தால் அதுதான் சிக்கல். திரையில் 1,000 × 600 பிக்சல் பகுதியைக் காட்ட, 600 வரிகளையும் முழு நீளத்துக்கு, அதாவது 3.6 கோடி பிக்சல்களை, வாசிக்க வேண்டியிருக்கிறது. சதுரக் கட்டங்களாக இருந்தால் 20 கட்டங்கள், ஏறத்தாழ 13 லட்சம் பிக்சல்கள் போதும். டிரான்ஸ்லேட் கருவியில் டைல்டு என்ற விருப்பத்தை யெஸ் என்று கொடுத்து மறுபடி சேமியுங்கள். இந்தக் கருவிகளுக்குப் பின்னால் இயங்கும் ஜிடிஏஎல் நிரலகத்தின் 3.1 பதிப்பு முதல் கிடைக்கும் க்ளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப் வடிவத்தில் சேமித்தால், கட்டம், பிரமிடு இரண்டும் ஒரே முயற்சியில் முடிந்துவிடும். வெளியீடு 4 ஜிபியைத் தாண்டும் எனத் தெரிந்தால் பிக்டிஃப் விருப்பத்தையும் இயக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வெகுநேரம் ஓடிய பிறகு பிழைச்செய்தியோடு நின்றுவிடும்.

நகர்த்தும் ஒவ்வொரு முறையும் நிறம் மாறுகிறது. சிம்பாலஜியில் உயர்ந்த, தாழ்ந்த மதிப்புகளைத் திரையில் தெரியும் பகுதிக்கேற்பக் கணக்கிடும் அமைப்பு தேர்வாகியிருக்கும். ஹோல் ராஸ்டர் என்று மாற்றுங்கள்.

ஆயிரக்கணக்கான துண்டுப் படங்கள். அவற்றைத் தனித்தனி லேயர்களாக ஏற்றாமல், ஒரு விஆர்டி கோப்பாக (துண்டுகளைச் சுட்டிக்காட்டும் சிறு கோப்பு) கோத்து, அந்த விஆர்டி கோப்புக்கே பிரமிடு உருவாக்க வேண்டும். துண்டுகளுக்கு மட்டும் பிரமிடு இருந்தால், முழுப் பார்வையில் அத்தனை கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தாக வேண்டியிருக்கும்.

ஜேபி2 (ஜேபெக் 2000) வடிவத்தில் வந்த படங்களைத் திறந்து காட்டச் சிபியு கடுமையாக உழைக்க வேண்டியிருக்கும். தொடர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஜியோடிஃப் ஆக மாற்றுவதே நல்லது. பல டெராபைட் அளவுள்ள படத் தொகுப்பு என்றால், மேசைக் கணினியில் மல்லுக்கட்டாமல் டைல் சர்வர் அமைப்பவரிடம் பேசுங்கள்.

## அறிகுறி: உருவங்கள் வந்துவிடுகின்றன, எழுத்துகளுக்காகக் காத்திருக்க நேர்கிறது

லேபிள்கள் எல்லா உருவங்களும் வரையப்பட்ட பிறகே வரும். ஒன்றின் மேல் ஒன்று மோதாமல் இடம் தேடும் வேலை, உருவங்களின் எண்ணிக்கையோடு வேகமாகப் பெருகும். லேபிளை ஒரு கணம் அணைத்துப் பாருங்கள். வேகம் திரும்பினால் நோய் உறுதியாகிவிட்டது.

லேபிளுக்கென்றே தனி ஸ்கேல் வரம்பு இருக்கிறது. புல எண் எழுத்து 1:5,000-க்கு உள்ளே மட்டும் போதும் என்று வைத்தாலே பாதி தீரும். எழுத்தைச் சுற்றியுள்ள வெள்ளை வளையமும் நிழலும் செலவு கூடியவை. நிழலை எடுத்துவிட்டு, வளையம் இல்லாமல் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். லேபிளில் நீண்ட எக்ஸ்ப்ரெஷன் எழுதியிருந்தால், அதன் விளைவை ஃபீல்ட் கால்குலேட்டரால் ஒரு நிரந்தரப் பத்தியில் எழுதி, அந்தப் பத்தியையே லேபிளாக வையுங்கள்.

## அறிகுறி: பதிவுகள் குறைவு, ஆனாலும் லேயர் கனக்கிறது

சிங்கிள் சிம்பல், மெல்லிய கோடு, ஒரே நிறம் என்று மாற்றிப் பாருங்கள். வேகம் வந்தால் குறை குறியீட்டில்தான். ட்ரா எஃபெக்ட்ஸ், பிளெண்டிங் மோட், ஜியோமெட்ரி ஜெனரேட்டர், இன்வெர்டட் பாலிகான்ஸ், கோட்டின் மீது குறிகளை அடுக்கும் மார்க்கர் லைன் ஆகியவற்றை இந்த வரிசையில் ஒவ்வொன்றாக நீக்கிச் சோதியுங்கள்.

வேகம் வரவில்லை என்றால் ஜாயின், விர்ச்சுவல் ஃபீல்ட், அக்ரிகேட் வகை எக்ஸ்ப்ரெஷன் ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். ஒவ்வொரு பதிவையும் வரையும்போது இன்னோர் அட்டவணை முழுவதையும் கூட்டிப் பார்க்கச் சொல்லும் எக்ஸ்ப்ரெஷனை, எழுதியவரே மறந்துபோயிருப்பார். விளைவை நிரந்தரப் பத்தியாக்கிவிடுவதே இதற்கும் மருந்து.

## அறிகுறி: என் கணினியில் வேகம், அலுவலக நெட்வொர்க்கில் மெதுவு

பகிர்ந்த ஃபோல்டரில் உள்ள கோப்பை உள்ளூர் எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துத் திறந்து ஒப்பிடுங்கள். ஜியோபேக்கேஜ் கோப்பைச் சிறு சிறு துணுக்குகளாகப் பல முறை வாசிக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு வாசிப்பிலும் நெட்வொர்க்கின் தாமதம் சேர்ந்துகொள்கிறது. வேகம் ஒருபுறமிருக்க, பகிர்ந்த ஃபோல்டரில் உள்ள ஒரே ஜியோபேக்கேஜைப் பலர் ஒரே நேரத்தில் திருத்துவது கோப்பையே கெடுத்துவிடக்கூடும். அந்த நிலையில் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற சர்வர் தரவுத்தளத்துக்கு மாறுவதைத் தவிர வேறு வழி இல்லை.

போஸ்ட்ஜிஐஎஸ்-இலேயே மெதுவு என்றால், டிபி மேனேஜரில் அந்த அட்டவணையின் இண்டெக்ஸ் பகுதியைத் திறந்து, ஜியோமெட்ரி பத்திக்கு ஸ்பேஷியல் இண்டெக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டவணையில் இருந்தும் பலன் இல்லை என்றால், நீங்கள் திறந்திருப்பது வியூவாக (அட்டவணை போலத் தோன்றும், சேமித்து வைத்த வினவல்) இருக்கலாம். வியூவுக்குள்ளேயே அச்சுத்தூர மாற்றம் செய்திருந்தால், மூல அட்டவணையின் இண்டெக்ஸ் அங்கே உதவாது. விளைவைச் சேமித்து வைக்கும் மெட்டீரியலைஸ்டு வியூவாக மாற்றி அதற்குத் தனி இண்டெக்ஸ் இட வேண்டும். பெருமளவு தரவை ஏற்றிய பிறகு வேக்யூம் அனலைஸ் (அட்டவணையைத் துப்புரவாக்கி அதன் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டப்பட்டதா என்றும் கேளுங்கள். சர்வரின் நினைவக ஒதுக்கீட்டில் கை வைப்பது தரவுத்தள நிர்வாகியின் வேலை. அவரிடம் போகும்போது, எந்த லேயர், எந்த ஸ்கேலில், எத்தனை விநாடி என்ற குறிப்போடு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

## அறிகுறி: புராஜெக்ட் திறக்கவே நேரமாகிறது

இடம் மாறிப்போன நெட்வொர்க் பாதையைத் தேடிக்கொண்டிருக்கும் லேயர்கள் இருந்தால் முதலில் அவற்றை நீக்குங்கள். பதிவு எண்ணிக்கையைக் காட்டும் அமைப்பைப் பெரிய லேயர்களில் அணையுங்கள். தரவுத்தள லேயர்கள் நிறைய இருந்தால், புராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸின் டேட்டா சோர்ஸஸ் பகுதியில் உள்ள ட்ரஸ்ட் புராஜெக்ட் குறியையும், இணைப்பு அமைப்பில் எஸ்டிமேட்டட் டேபிள் மெட்டாடேட்டா குறியையும் இயக்குங்கள்.

## அறிகுறி: பார்க்க வேகம், திருத்தும்போது மட்டும் இழுக்கிறது

ஸ்னாப்பிங் (வரையும் முனையை அருகில் உள்ள முனையோடு ஒட்டவைக்கும் வசதி) எல்லா லேயர்களுக்கும் இயக்கத்தில் இருக்கும். அட்வான்ஸ்டு கான்ஃபிகரேஷனில் தேவையான லேயருக்கு மட்டும், ஸ்கேல் வரம்போடு வைத்துக்கொள்ளுங்கள். வெர்டெக்ஸ் கருவியில் நடப்பு லேயருக்கு மட்டுமான வகையைத் தேர்ந்தெடுங்கள். அட்ரிபியூட் டேபிள் திறக்கத் தாமதமானால், திரையில் தெரியும் பதிவுகளை மட்டும் காட்டும்படி ஆப்ஷன்ஸில் மாற்றலாம்.

## அறிகுறி: லைடார் புள்ளித் தொகுப்பு வரவே இல்லை

கியூஜிஐஎஸ் 3.18 பதிப்பிலிருந்து, லைடார் என்ற லேசர் அளவீட்டில் கிடைக்கும் புள்ளித் தொகுப்புகளைத் திறக்க முடிகிறது. எல்ஏஎஸ், எல்ஏஇசட் கோப்பை முதல் முறை ஏற்றும்போது பின்னணியில் இண்டெக்ஸ் உருவாகும் வரை எல்லைச் செவ்வகம் மட்டுமே தெரியும்; அது பழுது அன்று. ஃபோல்டரில் எழுதும் அனுமதி இல்லையென்றால் இண்டெக்ஸ் கோப்பை அங்கே சேமிக்க முடியாது, எனவே உள்ளூர் டிஸ்க்குக்கு மாற்றி ஏற்றுங்கள். முப்பரிமாணக் காட்சி துள்ளித் துள்ளி நகர்ந்தால், அங்கே புள்ளிகளின் உச்ச வரம்பைக் குறையுங்கள், நிழலை அணையுங்கள். இரண்டு கிராபிக்ஸ் அமைப்புகள் உள்ள மடிக்கணினியில், விண்டோஸின் கிராபிக்ஸ் செட்டிங்ஸில் கியூஜிஐஎஸ்-க்கு ஹை பெர்ஃபாமன்ஸ் என்று ஒதுக்குங்கள். அதன் பிறகும் குறை தீராவிட்டால் கிராபிக்ஸ் கார்டு பற்றி யோசிப்பதில் நியாயம் உண்டு.

## அறிகுறி: திரையில் சரி, பிடிஎஃப் எடுக்கும்போது உறைந்துவிடுகிறது

ஏ0 தாளை 300 டிபிஐ-யில் எடுத்தால் 9,933 × 14,043 பிக்சல், ஏறத்தாழ 14 கோடி. பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு பிரதிக்கே 560 எம்பி அளவுக்கு நினைவகம் வேண்டும். சுவரில் மாட்டும் வரைபடத்துக்கு 150 டிபிஐ பெரும்பாலும் போதும். நினைவகத் தேவை கால் பங்காகிவிடும். பிளெண்டிங் மோட் உள்ள லேயர்கள் வெக்டராக வெளியேறாமல் படமாக மாற்றப்படுவதால், அவற்றை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். வரைபடம் முழுவதும் வெக்டராகவே வேண்டும் என்று அச்சகம் கேட்டால், தாளை நான்காகப் பிரித்து எடுத்துக் கொடுக்கலாம். அச்சகத்துக் கணினி அந்தக் கோப்பைத் திறக்குமா என்பதை, வேலையை ஒப்படைக்கும் முன் ஒரு கால் தாளை அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.